முதலில் பக்கத்து வீட்டு மணி

அந்த யோசனை எனக்கு ஒரு ஜன்னல் சாத்தப்பட்ட சத்தத்தில் வந்தது.

சுபாங் ஜெயாவில் ஒரு டெரஸ் வீடு. மண்டையைப் பிளக்கும் மதிய வெயில். ஏஜென்ட் சிவா சமையலறை அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தார், நாங்கள் அந்த அலமாரிக்குள்தான் குடியேறப் போகிறோம் என்பதுபோல.

"சிஸ்டர், எல்லாம் புதுசு. இந்த ஏரியால இப்படி வீடு கிடைக்கவே கிடைக்காது லா."

என் தோழி தர்ஷினி குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன், கேட்டில் கட்டியிருந்த கிச்சாப் என்ன செய்கிறான் என்று.

கிச்சாப் எங்கள் நாய். நாங்கள் வீடு தேடி அலைவதே அவனுக்காகத்தான். ஆனால் அவன் அந்த வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு, மூக்கைப் பக்கத்து வீட்டுப் பக்கம் நீட்டியிருந்தான். அங்கே ஒரு அங்கிள் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கிச்சாப் வாலை ஆட்டினான். அங்கிள் குழாயை மூடினார். உள்ளே போனார். ஜன்னலைச் சாத்தினார்.

கிச்சாப்பின் வால் பாதியில் நின்றது.

எனக்குச் சுரீர் என்றது. டெரஸ் வீடு என்றால் என்ன? இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். நாங்களோ இத்தனை வாரமாக அலமாரியையும் குழாயையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பார்க்க வேண்டியது வாடகைக்கு விடுகிற வீட்டை இல்லை. அதற்குப் பக்கத்து வீட்டை!

"தர்ஷ், வா போலாம்."

"ஏன்டி? தண்ணி நல்லா வருது."

"தண்ணி வருது. அங்கிள்தான் உள்ள போயிட்டாரு."

சிவா அலமாரிக் கதவைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

லிப்டில் ஒட்டிய தாள்

பிரிக்பீல்ட்ஸில் நானும் தர்ஷினியும் சேர்ந்து எடுத்திருந்த கொண்டோ அடுக்குமாடி வீட்டைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே உருகி எழுதியிருக்கிறேன். பால்கனிக்கு நேர் கீழே ரயில் பாதை. காலையில் ஜன்னலைத் திறந்தால் கீழ்க்கடையிலிருந்து மல்லிகையும் தோசைக்கல் புகையும் ஒன்றாக மேலே ஏறி வரும். அந்த வீட்டை விட்டுப் போகிற எண்ணமே எங்களுக்கு இருந்ததில்லை.

ஒருநாள் லிப்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. குடியிருப்பில் இனி நாய்களுக்கு இடமில்லை, மாதக் கடைசிக்குள் அப்புறப்படுத்துங்கள் என்று. பூனைக்குத் தடையில்லை. மீனுக்குத் தடையில்லை. நாயும் நாயை வைத்திருப்பவர்களும்தான் கணக்கில் வரவில்லை.

அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அத்தனை குடும்பங்கள் ஒரே லிப்டில் ஏறி இறங்குகிற கட்டடம். ஆனால் "அப்புறப்படுத்துங்கள்" என்ற சொல் மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

ரவாங்கில் இருக்கும் அம்மாவுக்குச் செய்தி போனது. அம்மா எதற்கும் தீர்வு வைத்திருப்பவர்.

"எதுக்கு இப்படி வீடு வீடா அலையுற? டெங்கில்ல மாமாகிட்ட விடு. செம்பனைத் தோட்டத்துல ஜாலியா ஓடித் திரியும்."

மாமா நல்லவர். ஆனால் நாய்க்குப் பெயர் வைக்கிற ஆள் இல்லை. அவரிடம் இருக்கிற நாய்கள் எல்லாவற்றுக்கும் "நாய்" என்றுதான் பெயர். தோட்டத்தைக் காவல் காக்கிற நாய்கள், பகல் முழுக்கச் சங்கிலியில்.

அம்மாவின் திருப்திக்காக ஒரு வார இறுதிக்குக் கிச்சாப்பை அங்கே விட்டுப் பார்த்தோம். மறுநாளே மாமா போன் பண்ணினார்.

"என்னம்மா உன் நாய் இப்படி இருக்கு? சோறு வச்சா தொட மாட்டேங்குது, தூங்கவும் மாட்டேங்குது. காதை மட்டும் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. எதையோ கேக்குற மாதிரியே இருக்கு."

எங்கள் காலடிச் சத்தத்தைத்தான் கேட்கக் காத்திருக்கிறான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். கண்ணில் நீர் முட்டியது, பெருமையாகவும் இருந்தது. உடனே போய்த் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்த முடிவில் பாதிதான் சரி என்பது பிறகு தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

அம்மா கடைசியாகச் சொன்னது இதுதான்: "மாசக் கடைசி வரைக்கும் பாரு. வீடு கிடைக்கலன்னா டெங்கில். அப்புறம் அழக்கூடாது."

சுவரைப் பார்த்து உட்காருகிறவன்

கிச்சாப் எங்களுக்குக் கிடைத்தது பிரிக்பீல்ட்ஸில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் பின்சந்தில், ஒரு பெருமழையில். தண்டவாளத்தை ஒட்டிய வேலியோரம், ஒரு காலி எண்ணெய் டின்னுக்குள் சுருண்டு கிடந்தான். உள்ளங்கை அளவு. நனைந்த உடம்பு, மீன் சம்பாலுக்கு ஊற்றுகிற கிச்சாப், அதாவது சோயா சாஸ் மாதிரி கரேலென்று பளபளத்தது. பெயர் அங்கேயே முடிவாகிவிட்டது.

தர்ஷினி வீட்டார் சிலோன்காரர்கள். தாத்தா காலத்திலிருந்து அரசாங்க வேலை. வீட்டில் நாய்கள் எப்போதும் உண்டு, எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பெயர்.

"ஜிம்மி, ரோவர், லேடின்னுதான் எங்க வீட்டுல வைப்பாங்க. சாஸ் பாட்டில் பேரை யாரு டி நாய்க்கு வைப்பா?" என்றாள்.

"உன் ரோவரு சாப்பாட்டுக்கு ருசி சேர்ப்பாரா?"

பிறகு அவள்தான் அவனை அதிகம் கொஞ்சினாள்.

கிச்சாப்பிடம் ஒரு பழக்கம் உண்டு. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. லிப்டில் யாராவது நாய்க்குப் பயந்தவர்கள் ஏறினால், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். எழுந்து, மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். முதுகு மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் இறங்கிய பிறகே திரும்புவான்.

முதன்முதலில் அதைப் பார்த்தபோது ஏதோ கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். தர்ஷினிதான் கண்டுபிடித்தாள்: "இல்லடி. அவங்களுக்கு இடம் குடுக்குறான்."

நான் படித்தவள், பட்டம் வாங்கியவள், இருந்தாலும் அவசரக்காரி. எதிரே நிற்பவர் முகத்தைப் படிப்பதற்குள் நாலு வாக்கியம் பேசி முடித்திருப்பேன். அந்த நாயின் முதுகைப் பார்த்து நான் வியந்த அளவுக்கு எந்தச் சொற்பொழிவாளரையும் வியந்ததில்லை.

தண்ணீர் பில்டர் வேண்டாம்!

கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடிய நம்மவர்களுக்கு இது தெரியும். போன் பண்ணினால் முதல் கேள்வி வீட்டைப் பற்றி வராது. "இந்தியரா?" என்று வரும். அடுத்து, "கல்யாணம் ஆகலையா? ரெண்டு பொண்ணுங்களா?" அதையும் தாண்டினால், நாங்களே மெல்ல, "எங்களிடம் ஒரு நாய்..." என்போம். லைன் செத்துவிடும்.

தர்ஷினியின் கான்வென்ட் ஆங்கிலத்தில் மயங்கி, பெயரைக் கேட்கும்வரை தேனாகப் பேசியவர்களும் உண்டு. பெயரைச் சொன்னதும் வீடு திடீரென்று வாடகைக்குப் போய்விடும். நாங்கள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டோம். அன்றைக்கு யாருக்கு அதிக "சாரி" கிடைத்ததோ, அவளுக்கு மற்றவள் ஒரு கிளாஸ் தே தாரேக் டீ வாங்கித்தர வேண்டும்.

சுபாங் ஜெயாவுக்குப் பிறகு முறையை மாற்றினோம். சிவாவிடம் சொல்லிவிட்டேன்: "அண்ணே, சாவியெல்லாம் அப்புறம். முதல்ல பக்கத்து வீட்டு மணியை அடிக்கிறோம். அவங்க சரின்னா மட்டும் கதவைத் திறங்க."

"சிஸ்டர், இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கஸ்டமரை நான் பார்த்ததில்ல."

"இப்ப பார்த்துட்டீங்கல்ல?"

முதல் மணியை ரவாங்கில் அடித்தோம். கதவு திறக்குமுன்பே, ஏதோ விற்க வந்தவர்கள் என்று நினைத்து உள்ளேயிருந்து ஒரு குரல்: "தண்ணீர் பில்டர் வேணாம்! இருக்கு!" இன்னொரு வீட்டில் ஒரு சீனத்து ஆன்டி, நாங்கள் கேட்டதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, மூன்று பெரிய நாய்களை அவிழ்த்துக் காட்டினார். கிச்சாப் காருக்குள் ஏறிக்கொண்டு இறங்க மறுத்துவிட்டான். ஆன்டி கேட்டிலேயே ஒரு பை லொங்கான் பழம் கொடுத்து அனுப்பினார்.

ஒருவர் வேண்டாம் என்றார். வயதான அப்பா, தொழுகைக்கு நடந்து போகிறவர், வழியில் நாய் இருந்தால் அவருக்குச் சங்கடம் என்று கையை நெஞ்சில் வைத்துச் சொன்னார். நாங்களும் கையை நெஞ்சில் வைத்து நன்றி சொன்னோம். போனில் கேட்ட எல்லா "சாரி"களையும்விட அந்த ஒரு "வேண்டாம்" எவ்வளவு மரியாதையாக இருந்தது! கேட்டில் நின்று முகத்தைப் பார்த்துக் கேட்டால், இந்த ஊர் மனிதர்கள் "இல்லை" என்பதைக்கூட அழகாகச் சொல்கிறார்கள்.

ஆனால் அழகான "இல்லை"களோடு கிச்சாப்பைப் படுக்க வைக்க முடியாது. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா டெங்கிலுக்குப் போன் பண்ணி, சங்கிலி ரொம்பக் கனமாக இருக்க வேண்டாம் என்று சொல்லியும்விட்டார்.

கிள்ளானில் ஒரு கேட்

கடைசியில் சிவாவே தயங்கித் தயங்கி ஒரு வீட்டைச் சொன்னார்.

"கிள்ளான்ல ஒன்னு இருக்கு. ஓனருக்கு நாய் ஓகே, இந்தியரு ஓகே, எல்லாம் ஓகே. ஆனா சிஸ்டர், பின்னாலயே ட்ரெய்ன் லைன். பார்க்குறவங்க எல்லாம் ஓடிடுறாங்க."

போனோம். பழைய தாமான், வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பு. ஒடுக்கமான லோரோங், அதாவது சந்து, வாசலுக்கு வாசல் பூந்தொட்டி. தர்ஷினி காரிலேயே கிச்சாப்பின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். திருஷ்டிக்குக் கறுப்புப் பொட்டு வைத்தால் அவன் மேல் தெரியாதே என்று.

பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். முக்காடு போட்ட ஒரு மலாய்க்கார அம்மா வந்தார், என் அம்மா வயது இருக்கும். காலைச் சுற்றி மூன்று நான்கு பூனைகள். பெயர் ரோஸ் என்றார். மலாயில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி நாங்கள் 'காக் ரோஸ்' என்றோம். அவர் எங்களைத் தங்கச்சி என்கிற பொருளில் 'அடிக்' என்றார். பேசியது முழுக்க மலாயில். இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

நான் வழக்கம்போல ஒரே மூச்சில் கொட்டினேன். யார் நாங்கள், ஏன் வந்தோம், எங்களிடம் என்ன இருக்கிறது. காக் ரோஸ் கேட்டை ஒரு கையால் இறுகப் பிடித்தபடி கேட்டார். அவர் கண் என் மேல் இல்லை, கிச்சாப் மேல்.

கிச்சாப் எழுந்தான். கேட் தூணை நோக்கித் திரும்பினான். முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

"அது ஏன் திரும்பி உக்காந்திருக்கு?"

"நீங்க பயப்படுறீங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிருச்சு காக். யாராச்சும் பயந்தா இப்படித்தான் உக்காருவான்."

காக் ரோஸ் கேட்டுக்கு மேலாக அவன் முகத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, "நெத்தியில என்ன? புண்ணா? மருந்தா?" என்றார்.

"இல்ல காக், இவ பூசினது. நல்லது நடக்கணும்னு," என்று நான் தர்ஷினியைக் காட்டினேன். தர்ஷினி சிவந்துபோனாள். காக் ரோஸின் வாயோரம் லேசாக நெளிந்தது.

அதற்குள் ஒரு செம்பட்டைப் பூனை சுவர்மேல் நடந்து வந்து, கிச்சாப்பின் தலைக்கு நேர் மேலே நின்று சீறியது. கிச்சாப் நடுங்கினான். ஆனாலும் திரும்பவில்லை.

"எங்க நடத்திக் கூட்டிட்டுப் போவீங்க? எந்த நேரம்?" காக் ரோஸ் கேள்விகளை ஆரம்பித்தார். "தொழுகை நேரத்துல குரைக்குமா? மழையில நனைஞ்சா வாசலைக் கழுவுவீங்களா? ஏன்னா அதோட எச்சில் பட்டா நாங்க மண் கலந்த தண்ணில கழுவணும். தெரியும்ல?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ரயில் வந்துவிட்டது.

சாதாரண ரயில் இல்லை, போர்ட் கிள்ளானுக்குப் போகிற சரக்கு ரயில். பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல். கேட் அதிர்ந்தது. பூந்தொட்டித் தட்டுகள் கிணுகிணுத்தன. நாங்கள் மூவரும் வாயை மூடிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றோம். சிவா காருக்குள்ளிருந்து, நான்தான் சொன்னேனே என்பதுபோல் கையை விரித்தார்.

நான் கீழே பார்த்தேன். கிச்சாப் படுத்திருந்தான். முன்னங்கால்மேல் தாடை. கண்கள் மெல்லச் சொருகின. தலைக்குமேல் பூனை, முதுகுக்குப் பின்னால் அந்நியர், நடுவில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

எனக்கு மாமாவின் குரல் கேட்டது. எதையோ கேக்குற மாதிரியே இருக்கு.

தண்டவாள வேலியோரம் பிறந்தவன். எங்கள் பால்கனியில் ரயிலைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். டெங்கிலில் அவன் எங்களுக்காக மட்டும் காதைத் தூக்கிக் காத்திருக்கவில்லை. ரயிலுக்காகவும்தான்! நானோ அவனுக்கு அமைதியான இடம் வேண்டும், புல் வேண்டும் என்று ஊர் ஊராக ஒரு நிசப்தத்தைத் தேடி அலைந்திருக்கிறேன்.

ரயில் போய் முடிந்தது. "இந்தச் சத்தத்துலயா தூங்குது?" என்றார் காக் ரோஸ். முதல்முறையாக அவர் கை கேட்டை விட்டிருந்தது.

"இதுதான் காக் அவனுக்குத் தாலாட்டு."

"என் வீட்டுக்காரரைக் கேட்டுட்டுச் சொல்றேன்," என்றார். உள்ளே போனார். ஜன்னலைச் சாத்தவில்லை.

தொட்டியும் வாசலும்

அடுத்து வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்பதை தர்ஷினியிடம் கேட்க வேண்டும். "போனை இப்படி முறைச்சா அது அடிச்சிடுமா?" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளும்தான் குளியலறைக்குப் போனைக் கொண்டுபோனாள்.

காக் ரோஸ் போனில் பதில் சொல்லவில்லை. வரச்சொன்னார். கேட்டருகே நாற்காலிகள் போட்டிருந்தார்.

"வீட்டுக்காரர் சரின்னுட்டார். லோரோங்ல இடது பக்கம் நீங்க நடங்க, வலது பக்கம் நாங்க. தொழுகைக்குப் போற நேரத்துல மட்டும் அவனை உள்ள வச்சுக்குங்க. வாசல் கழுவுற தண்ணி என் பக்கம் வராம பார்த்துக்குங்க."

நாங்கள் தலையாட்டிப் பொம்மைகள் போலத் தலையை ஆட்டினோம்.

"இப்ப நான் ஒன்னு கேக்கணும்," என்றார். குரல் தாழ்ந்தது. "என் பூனைங்க உங்க வாசல் பூந்தொட்டியிலதான் வெளிக்குப் போகும். எத்தனை தடவை விரட்டினாலும் அங்கதான். முன்னால இருந்தவங்க அதுக்காகவே என்கிட்ட சண்டை போட்டுட்டுப் போனாங்க. புதுசா யார் வரப்போறாங்களோன்னு இந்த வீடு காலியானதுலேருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்ல. நீங்க மணி அடிச்சப்போ நான் அதைத்தான் சொல்லலாமா வேணாமான்னு நின்னுக்கிட்டிருந்தேன்."

கேட்டை அவர் அப்படி இறுகப் பிடித்திருந்தது கிச்சாப்புக்குப் பயந்து மட்டுமில்லை. எங்களுக்கும் பயந்துதான்! நாங்கள் பக்கத்து வீட்டைத் தேடிக்கொண்டிருந்த அதே நாட்களில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் எங்களைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"காக்," என்றாள் தர்ஷினி, "எங்களுக்குச் செடி வளர்க்கவே தெரியாது. தொட்டியெல்லாம் அவங்களுக்கே."

காக் ரோஸ் சிரித்த சிரிப்பில் செம்பட்டைப் பூனை எழுந்து ஓடியது. நான் மட்டும் எழுந்துபோய் அம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, மாமாகிட்ட சங்கிலி வேணாம்னு சொல்லிடுங்க," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

கிளம்பும்போது காக் ரோஸ் கேட்டார்: "பால் எப்ப காய்ச்சப் போறீங்க?"

நாங்கள் விழித்தோம்.

"முன்னால, ரொம்ப முன்னால, ஒரு இந்தியக் குடும்பம் இங்க குடி வந்தப்போ காய்ச்சினாங்க. பொங்கி வழியுறப்போ எல்லாரும் கை தட்டினோம். எனக்கும் ஒரு கப் குடுத்தாங்க. நானும் வரணும், ஆனா..." அவர் கண் கிச்சாப் பக்கம் போனது. நாய் நடமாடுகிற வீட்டுக்குள் எப்படி வருவது?

அந்தப் பாதி வாக்கியத்தை எடுத்துக்கொண்டு வந்து, அன்றிலிருந்து நான் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுப்பு சமையலறையில் இல்லை, கார் போர்ச்சில், வலது ஓரமாக. "போர்ச்சில யாராச்சும் பால் காய்ச்சுவாங்களா?" என்று அம்மா போனில் கத்தினார். பிறகு அவரே, "சரி, கிழக்கு பார்த்து வை," என்றார். பாத்திரம் புதிது. நம் வழக்கப்படி முதல் பாலுக்குப் புதுப் பானைதான். எங்கள் சமையலறையைப் பார்க்காத பானை என்பதால் காக் ரோஸுக்கும் அதில் தயக்கமில்லை. இரண்டு வீட்டு வழக்கத்துக்கும் ஒரே பானை இவ்வளவு சுலபமாகப் பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கப்புகளும் கடையிலிருந்து நேராக போர்ச்சுக்குத்தான் வரும்.

மீதிச் சிக்கல் கிச்சாப். பின்கட்டில் கட்டிப்போட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான். நாங்கள் எல்லோரும் முன்னால் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவன் மட்டும் பின்னால் என்றால் லோரோங் முழுக்கக் கேட்கும்படி அழுவான். ரயில் வந்தால் மட்டும் படுப்பான்.

ஆகவே இந்தச் சனிக்கிழமைக்கு அம்மா பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்தார். நான் ரயில் நேரம் பார்த்தேன். இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. போர்ட் கிள்ளான் ரயிலின் ஹார்ன் தூரத்தில் கேட்டதும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அவன் கண் சொருகி எழுவதற்குள் பால் பொங்கியாக வேண்டும். ரயில் தாமதமானால் என்ன செய்வது என்று தர்ஷினி கேட்கிறாள். நம் ரயில் தாமதமாகாது என்று அடித்துச் சொல்ல எனக்கும் தைரியமில்லை.

பார்ப்போம். பால், ரயில், நாய், மூன்றும் ஒரே நேரத்தில். அதற்கெல்லாம் முன்னால், சனிக்கிழமை காலையில் நான் செய்யப்போகிற முதல் வேலை, பக்கத்து வீட்டு மணியை அடிப்பது.